நேற்று 15 பந்துதான் போட்டார், இன்று ஏன் வரவில்லை?

பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். ஆட்டம் கடைசி இன்னிங்ஸுக்கு வந்திருக்கும். நம் அணி ஒரே ஒரு ரன் முன்னிலையில் இருக்கும். அணியிலேயே அதிவேகமாக எறியக்கூடியவர் மைதானத்தின் ஓரத்தில், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து, இரண்டு பேரைச் சும்மாவே பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய முனைகளில் ஒன்று) அனுப்பிவிட்டு, மூன்றாவது ஆளிடம் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் வாங்கி ஆட்டத்தைத் தாரை வார்ப்பார். வர்ணனையாளரோ பதற்றமே இல்லாமல், "அவர் நேற்றும் முந்தாநாளும் போட்டுவிட்டார், இன்று அவருக்கு ஓய்வு" என்பார்.

நேற்று அவர் போட்டது எவ்வளவு? 15 பந்து. மொத்தம் பத்து நிமிட வேலை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒருநாள் போட்டியில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் 60 பந்து வீசுகிறார், அதுவும் ஒவ்வொரு பந்துக்கும் ஓடிவந்து. டெஸ்ட் போட்டியில் இன்று 15, 20 ஓவர் வீசியவர் நாளை காலையும் பந்தோடு நிற்கிறார். இங்கே நின்ற இடத்திலிருந்து 15 பந்து எறிந்த ஆளுக்கு அப்படி என்ன களைப்பு?

நானும் கொஞ்ச நாள் இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, திரையில் தெரியும் அந்த 15 என்ற எண் பாதிக் கணக்குகூட இல்லை.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். பந்து எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வரை, ஏறக்குறைய 90 பந்து எறிந்துவிட்டு வெளியே போவார். அப்படிப் போனவர் அன்று திரும்பி வர முடியாது. ஓவர் முடிந்தால் இன்னொருவர், பிறகு மறுபடி அவரே என்ற வசதியெல்லாம் இங்கே இல்லை. மிச்சமிருக்கும் இன்னிங்ஸ்களுக்கு ஒருவர் பின் ஒருவராக வருபவர்கள்தான் ரிலீஃப் பிட்சர்கள். அவர்கள் காத்திருந்து கையைச் சூடேற்றும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கக் கடைசியாக வருபவர் க்ளோசர்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். எல்லாம் ஆறு மாதத்துக்குள். அதாவது வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம், சில வாரம் ஏழு நாளும். 26 பேர் கொண்ட அணியில் அதிகபட்சம் 13 பிட்சர்கள் இருக்கலாம். அதில் ஐந்து பேர் ஸ்டார்ட்டர்கள் என்றால் எட்டுப் பேர் புல்பென்னில். ஸ்டார்ட்டருக்குத் தன் நாள் எது என்று முன்கூட்டியே தெரியும். ஒரு முறை எறிந்தால் நான்கைந்து நாள் இடைவெளி உறுதி. ரிலீஃப் பிட்சருக்கு அப்படி எந்த அட்டவணையும் கிடையாது. இன்று வரலாம், நாளையும் வரலாம், அடுத்த நான்கு நாள் வராமலே போகலாம். போன் மணி அடித்தால்தான் தெரியும்.

சரி, எறிவதற்கு வருவோம்.

கிரிக்கெட்டில் பந்தை 'எறிவது' குற்றம். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. பேஸ்பாலில் எறிவதே வேலை. வீச்சாளருக்கு ஓட்டத்தில் கிடைக்கும் வேகம் பிட்சருக்குக் கிடையாது. அவர் மவுண்ட் என்ற மண்மேட்டின் மேல் நின்று, ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்து, காலில் பிறக்கும் விசையை இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று சாட்டை சொடுக்குவது போலக் கடத்தி விரல்நுனிக்குக் கொண்டுவர வேண்டும். பந்தின் எடை 142 முதல் 149 கிராம். பேட்டர் நிற்கும் இடத்துக்குத் தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பந்து அரை விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தச் சொடுக்கலில் மேற்கை தோள்மூட்டுக்குள் சுழலும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7000 டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். மனித உடல் செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இது ஒன்று. அதே வேகத்தில் கை தொடர்ந்து சுற்ற முடிந்தால் ஒரு விநாடியில் 19 சுற்றுக்கு மேல் சுற்றும். மிக்ஸி போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எலும்பும் சதையும் கொண்டு செய்த மிக்ஸி.

இதில் முழங்கையின் பாடுதான் பெரும் பாடு. கை பின்னால் வளைந்து முன்னால் பாயத் தொடங்கும் அந்த நொடியில், முழங்கையை உட்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் ஒரு முறுக்குவிசை உண்டாகிறது. தொழில்முறை பிட்சர்களிடம் அது 64 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வருகிறது என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. மூட்டை அந்தப் பக்கம் பிடித்து வைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு தசைநார், அதாவது லிகமென்ட். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் தனியாக முறுக்கிப் பார்த்தபோது, சராசரியாக அதில் பாதி விசையிலேயே அது அறுந்துவிட்டது.

அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் அது அறுந்துபோக வேண்டாமா? போவதில்லை. காரணம், முன்கையின் உட்புறத்தில் இருக்கும் தசைகள். மணிக்கட்டை மடக்குவதற்கும் உள்ளங்கையைக் கீழே திருப்புவதற்கும் பயன்படும் அதே தசைகள், எறியும் நேரத்தில் இறுகி முழங்கையைச் சுற்றி ஒரு கவசமாக நின்று, விசையின் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்றுக்கொள்கின்றன. மூட்டின் எலும்பு அமைப்பும் கொஞ்சம் தாங்குகிறது. மிச்சம்தான் தசைநாருக்கு வருகிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான். களைப்பது தசை, அறுவது தசைநார். தசை களைத்தால் கவசம் தளரும், சுமை தசைநாருக்கு மாறும். தசைக்கு வலி தெரியும், ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் ஆறும், பல நேரம் அறுகிற வரைக்கும் பெரிதாகச் சத்தமும் போடாது. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்கு அதை மாற்றி அமைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்தார். அந்த சிகிச்சைக்கே டாமி ஜான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இப்போதும் அந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிட்சர் மீண்டும் ஆட்டத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் ஓய்வு கொடுக்க யோசிப்பவர்களுக்கு இது எதிர்த்தட்டில் இருக்கும் கணக்கு.

தோளின் கதை வேறு. அங்கே எறிவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். பந்து விரலை விட்டுப் போனபின் கையும் அதன் பின்னாலேயே பறந்துவிடாமல், கண் இமைக்கும் நேரத்தில் பிரேக் போட வேண்டும். அந்த வேலை தோளின் பின்புறத் தசைகளுடையது. அவை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கின்றன. மலை ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதற்காக என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. நீண்டுகொண்டே சுமக்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். பிட்சரின் தோள் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மலை இறங்குகிறது.

ஓய்வில் என்ன நடக்கிறது?

தசைக்கு உடனடியாகச் சக்தி தரும் சேமிப்பு தீர்ந்தால் சில நிமிடங்களிலேயே மறுபடி நிரம்பிவிடும். அதற்கு ஒரு நாள் வேண்டியதில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிடும், அதனால்தான் வலி என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதுவும் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தோடு போய்விடுகிற சமாச்சாரம். மறுநாள் காலைக் குடைச்சலுக்கு அதன் மேல் பழி போடுவது அநியாயம்.

நேரம் பிடிப்பது பழுது பார்க்கும் வேலைக்கு. நுண்கிழிசல் விழுந்த தசையில் வீக்கம் வரும், சேதமான பகுதி அகற்றப்படும், புதிது கட்டப்படும். அதன் வலி உடனே வராது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அதனால் முதல் நாள் எறிந்துவிட்டு மறுநாள் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லும் பிட்சர் பொய் சொல்லவில்லை. பில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்களில் இன்னும் சுவாரஸ்யம். கடுமையான உழைப்புக்குப் பிறகு அங்கே கொலாஜன் என்ற கட்டுமானப் புரதம் சிதையவும் செய்கிறது, புதிதாக உருவாகவும் செய்கிறது. ஆனால் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் வரவு செலவைத் தாண்டுகிறது. ராத்திரி பத்து மணிக்கு எறிந்தவரை மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு மறுபடி எறியச் சொன்னால், கணக்கு இன்னும் நஷ்டத்தில் இருக்கும்போதே அடுத்த செலவு. ஒரு முறை சமாளிக்கலாம். மூன்றாம் நாளும் அதே கதை என்றால் கடன் மேல் கடன்.

ஆட்டத்துக்கு மறுநாள் எறியும் தோளின் உட்சுழற்சி சில டிகிரி குறைந்திருப்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இறுகிய கீல் போல. இந்த நிலையில் அதே வேகத்தில் எறிய முயன்றால் உடல் வேறெங்கோ ஈடு கட்டப் பார்க்கும். முழங்கை கொஞ்சம் தாழும், முதுகு கொஞ்சம் முந்தும். பந்து குறி தவறுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

திரையில் தெரியாத பந்துகள்

இப்போது அந்த 15-க்குத் திரும்புவோம். ஆட்டத்தில் அணியை நடத்தும் மேனேஜர் புல்பென்னுக்குப் போன் போட்டதும் பிட்சர் எழுந்து சூடேற்றத் தொடங்குவார். முதலில் மெதுவாக, பிறகு வேகம் கூட்டி, கடைசிச் சில பந்துகள் ஆட்டத்தில் எறிவது போலவே. ஆளைப் பொறுத்து 20, 25 பந்து போய்விடும். ஆட்டத்துக்குள் வந்ததும் மவுண்டின் மேல் வழக்கமாக இன்னும் எட்டுப் பந்து பழகிக்கொள்ளலாம். அதன் பிறகுதான் ஸ்கோர்கார்டில் ஏறும் 15. கூட்டினால் 45 பக்கம் வந்துவிடுகிறது.

இதைவிடக் கொடுமை, எழுப்பிவிட்டு உட்கார வைப்பது. எட்டாவது இன்னிங்ஸில் ஆபத்து வரும் போலிருக்கிறதே என்று எழுப்புவார்கள். இவர் 20 பந்து எறிந்து தயாராவார். அதற்குள் மூன்றாவது அவுட் விழுந்துவிடும். உட்காரு. அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழு. கடைசியில் நம் அணி ஐந்து ரன் எடுத்துவிட, இவர் தேவைப்படவே மாட்டார். மறுநாள் செய்தித்தாளில் இவர் பெயருக்கு நேராக ஒன்றும் இருக்காது. ரசிகர்கள் 'நேற்று முழு ஓய்வுதானே' என்பார்கள். கையைக் கேட்டால் வேறு பதில் வரும். புல்பென் பயிற்சியாளர்கள் ஆட்டத்தில் போட்ட பந்துகளோடு, எத்தனை முறை எழுப்பப்பட்டார் என்பதையும் குறித்து வைப்பது இதனால்தான்.

பெட்ரோ ஃபெலிசியானோவின் கதை இதற்குப் பொருத்தம். நியூயார்க் மெட்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர். எதிரணியின் இடக்கை பேட்டர்கள் வரும்போது அவரை இறக்குவார்கள், ஒருவரையோ இருவரையோ சந்தித்துவிட்டு வெளியே போவார். 2008-இல் 86 ஆட்டம், 2009-இல் 88, 2010-இல் 92. மூன்று வருடத்தில் 266 முறை. 2010-இல் அந்த 92 ஆட்டத்திலும் சேர்த்து அவர் போட்டது 63 இன்னிங்ஸ்கூட இல்லை. இன்னிங்ஸ் கணக்கை மட்டும் பார்த்தால் சாதாரண உழைப்பு. அதன்பின் நியூயார்க் யாங்கீஸ் இரண்டு வருடத்துக்கு 80 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்தது. தோள் போய்விட்டது. யாங்கீஸுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட அவர் எறியவில்லை. அவருக்குத் தாங்க முடியாத அளவு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று யாங்கீஸ் பொது மேலாளர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். இப்படி ஒரே ஒரு பேட்டருக்காக ஆளை இறக்கும் பழக்கம் 2020-இல் வந்த விதியால் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இப்போது வருகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அந்தக் காலத்தில் எப்படி ஆடினார்கள்? 1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் ரிலீஃப் பிட்சராக வந்து 208 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். அதில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 13 ஆட்டம். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிய முதல் ரிலீஃப் பிட்சரும் அவர்தான். உடலசைவு இயலில் முனைவர் பட்டம் பெற்றவர், தன் உடலைத் தானே ஆராய்ந்து பழக்கியவர். அவருடைய ஆயுதம் அசுர வேகம் அல்ல, வளைந்து விலகும் ஸ்க்ரூபால். அவரைக் காட்டி மற்றவர்களை அளப்பது, 100 வயது வரை சுருட்டுப் பிடித்த தாத்தாவைக் காட்டி சுருட்டு நல்லது என்பது போல.

அதோடு, வேலையின் தன்மையே மாறிவிட்டது. 1970-களில் கூஸ் காஸேஜ், ரோலி ஃபிங்கர்ஸ் போன்றவர்கள் இரண்டு, மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது சகஜம். 1988 வாக்கில் ஓக்லாந்து அணியின் மேனேஜர் டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைக் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். எல்லா அணிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் என்று தெரிந்ததும் பிட்சர் எதையும் மிச்சம் வைப்பதில்லை. 90 பந்து எறியப்போகும் ஸ்டார்ட்டர் தன் வேகத்தைக் கொஞ்சம் கட்டி வைத்து, சிக்கலில் மட்டும் அவிழ்த்துவிடுவார். ரிலீஃப் பிட்சருக்கு முதல் பந்தே முழு வேகம். நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் நீண்டதூர ஓட்டக்காரரையும் கிலோமீட்டர் கணக்கில் ஒப்பிட முடியாதல்லவா? இதுவும் அப்படித்தான்.

ஓய்வில்லாத கை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் காயத்துக்கு முன்பே ஆட்டத்தில் தெரிந்துவிடும். வேகம் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் குறையும். ஆனால் அதைவிட முக்கியம் குறி. முழங்கால் உயரத்தில் மூலைக்குப் போக வேண்டிய பந்து, நடு இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். பக்கவாட்டில் திரும்ப வேண்டிய ஸ்லைடர் வகைப் பந்து திரும்பாமல் தொங்கும். அந்த மட்டத்து பேட்டர்களுக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி.

2001 உலகத் தொடரில், அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடரில், அரிசோனாவின் இளம் க்ளோசர் பியுங் ஹியுன் கிம் நான்காவது ஆட்டத்தில் 60 பந்துக்கு மேல் எறிந்து, சமன் செய்யும் ஹோம் ரன்னையும் தோற்கடிக்கும் ஹோம் ரன்னையும் கொடுத்தார். மறுநாள் ராத்திரியே அவரை மறுபடி அனுப்பினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு, மறுபடியும் சமன் செய்யும் ஹோம் ரன். மவுண்டில் அவர் குத்த வைத்து உட்கார்ந்த காட்சி இன்றும் சுற்றுகிறது. தொடரை அரிசோனா வென்றுவிட்டதால் அந்த முடிவைப் பற்றிப் பலர் மறந்துவிட்டார்கள். நான் அதை மன்னிக்க முடியாத முடிவு என்றே சொல்வேன்.

2016-இல் சிகாகோ கப்ஸ் கதையும் அதே ரகம். அரோல்டிஸ் சாப்மேன், மேஜர் லீக்கிலேயே அதிவேகப் பந்துகளுக்குப் பெயர்போனவர். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு அவுட் எடுக்க 42 பந்து எறிந்தார். தோற்றால் தொடர் போய்விடும் என்ற நிலை, அதனால் அதில் தப்பில்லை. ஒரு நாள் இடைவெளி. ஆறாவது ஆட்டத்தில் 7-2 என்று ஐந்து ரன் முன்னிலை இருக்கும்போதே மேனேஜர் ஜோ மேடன் அவரை ஏழாவது இன்னிங்ஸில் இறக்கினார். இன்னும் 20 பந்து. மறுநாளே ஏழாவது ஆட்டம். 6-3 முன்னிலையில், எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன நிலையில் சாப்மேன் வந்தார். பந்தில் வழக்கமான பாய்ச்சல் இல்லை. ஒரு டபுள் (பேட்டர் இரண்டாவது பேஸ் வரை போகும் அடி), ஒரு ரன். அடுத்து எதிரணியின் ராஜய் டேவிஸ் அடித்த பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டியது. 6-6. மழைக்கு ஆட்டம் 17 நிமிடம் நின்று, பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று வென்றது. 108 வருடம் காத்திருந்து வந்த கோப்பை. ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தால் வென்ற பிட்சர் என்று சாப்மேன் பெயரே இருக்கிறது. புத்தகத்துக்கு என்ன தெரியும்.

ஜப்பானில் இதையே ஒரு வரியில் பாட்டுப் போலச் சொல்வார்கள்: "கோண்டோ, கோண்டோ, மழை, கோண்டோ." 1961-இல் சூனிச்சி டிராகன்ஸ் அணிக்குப் புதிதாக வந்த ஹிரோஷி கோண்டோ அந்த ஒரே வருடத்தில் 69 ஆட்டங்களில் 429 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார், 35 வெற்றி. ஸ்டார்ட்டராகவும் அவர், நடுவில் வருபவரும் அவர், மழை பெய்தால்தான் விடுப்பு. அடுத்த வருடமும் 30 வெற்றி. அதோடு கை தேய்ந்துவிட்டது. பின்னாளில் அவர் யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணிக்கு மேனேஜராகி 1998-இல் கோப்பை வென்றபோது, பிட்சரின் கையைத் தேயும் பொருளாகப் பார்த்து, புல்பென் ஆட்களுக்கு முறைவைத்து ஓய்வு கொடுத்தவராகப் பெயர் வாங்கினார். பட்டவருக்குத்தான் தெரியும்.

எத்தனை நாள்?

தொழில்முறை பிட்சர்களுக்கு விதிப்புத்தகத்தில் எழுதிய ஓய்வு நாள் எதுவும் இல்லை. வழக்கம் மட்டும்தான். 15 பந்துக்குள் என்றால் மறுநாளும் வரலாம். 25-ஐத் தாண்டினால் மறுநாள் ஓய்வு கொடுக்கப் பார்ப்பார்கள். தொடர்ந்து இரண்டு நாள் வந்தவரை மூன்றாம் நாள் தொடாமல் விடப் பார்ப்பார்கள். 40 பந்து எறிந்தவருக்கு இரண்டு, மூன்று நாள். இது அணிக்கு அணி, ஆளுக்கு ஆள் மாறும். ஓய்வு நாள் என்றால் படுத்துத் தூங்குவதும் அல்ல. லேசாகப் பந்து பரிமாறுவார்கள், ஓடுவார்கள், தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி செய்வார்கள். முழு வேகத்தில் எறிவது மட்டும்தான் தடை.

சிறுவர்களுக்கு அப்படி விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007-இலிருந்து பந்துகளை எண்ணத் தொடங்கியது. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 20 பந்து வரை எறிந்தால் கட்டாய ஓய்வு இல்லை. 21-இலிருந்து 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் மென்மையாக இருக்கும் என்பதால் அங்கே பயிற்சியாளரின் யூகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கு வலிந்து ஓய்வு கொடுக்க முடியாததால், மேஜர் லீக் வேறு வழியில் சுமையைக் குறைத்திருக்கிறது. வழக்கமான பருவத்தில் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸுக்கு மேல் நீண்டால் இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரரை வைத்தே தொடங்குகிறார்கள். 15, 18 இன்னிங்ஸ் என்று இழுத்து ஒரே ராத்திரியில் புல்பென் முழுவதும் காலியாகும் கூத்து இப்போது அபூர்வம். ஆட்டம் கைவிட்டுப் போனது உறுதியானால், பிட்சரே அல்லாத யாரோ ஒருவரை மவுண்டுக்கு அனுப்பி மிச்ச இன்னிங்ஸை ஓட்டுவதும் நடக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அன்று புல்பென்னில் ஒரு கை மிச்சம்.

இதெல்லாம் இருக்கட்டும், பிட்சரையே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேட்கிறார்கள், தினமும். தினமும் ஒரே பதில்தான் வரும்: "நான் ரெடி." இடத்தைப் பிடிக்கப் பத்துப் பேர் காத்திருக்கும்போது யார் வேறு பதில் சொல்வார்? பொய் என்றும் சொல்ல முடியாது, கூட்டத்தின் இரைச்சலில் உடம்புக்கே வலி மறந்துபோகும்.

2017 உலகத் தொடரில் டாட்ஜர்ஸின் பிராண்டன் மாரோ முந்தைய இரண்டு நாளும் எறிந்திருந்தார். ஹூஸ்டனில் ஐந்தாவது ஆட்டத்துக்கு அவருக்கு ஓய்வு என்று முடிவாகியிருந்தது. ஆட்டத்தின் நடுவே அவரே போன் எடுத்து, உடம்பு நன்றாக இருக்கிறது, முன்னிலை வந்தால் என்னை இறக்குங்கள் என்றார். மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் மனம் மாறினார். 8-7 முன்னிலையில், ஏழாவது இன்னிங்ஸில் மாரோ வந்தார். முதல் பந்தே ஹூஸ்டனின் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன். பிரெக்மேனுக்கு ஒரு சிங்கிள், அல்டுவேக்கு ஒரு டபுள், கொரேயாவுக்கு இன்னொரு ஹோம் ரன். ஆறு பந்து, நான்கு ரன். டாட்ஜர்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 13-12 என்று தோற்றது.

மறுநாள் ஆட்டம் இல்லை. அதற்கடுத்த நாள் ஆறாவது ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், எதிரே அதே பிரெக்மேன். மாரோ வந்தார். பந்து தரையில் உருண்டு நேராக ஃபீல்டர் கைக்குப் போனது. இன்னிங்ஸ் முடிந்தது.